எட்டரை டன் பிடி

ஒரு டை ரொட் எண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஒரு முனையில் புரி வெட்டிய தண்டு. மறுமுனையில் சின்ன இரும்புக் கிண்ணம், அதற்குள் ஓர் உருண்டை, உருண்டையிலிருந்து வெளியே நீளும் ஒரு முளை, உள்ளே சேறு போகாமல் காக்க ஒரு ரப்பர் தொப்பி. அவ்வளவுதான். அவிசாவளையில் தொடங்கி கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-7 பாதையில், கொழுந்து ஏற்றிய லொறியின் சாரதி ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் திருப்பம் கடைசியில் இந்த உருண்டை வழியாகத்தான் முன்சில்லுக்குப் போய்ச் சேருகிறது.

மலைப்பாதையில் விபத்து என்றால் பேச்சு முதலில் பிரேக்குக்குத்தான் போகும். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி 7 பேர் இறந்தபோதும் அப்படித்தான் போனது. ஸ்டியரிங் மூட்டுகளைப் பற்றி அவ்வளவு பேச்சு கிடையாது. தேய்ந்த பிரேக் கீச்சிடும், மிதி ஆழத்துக்கு இறங்கும். ஏதோ ஒரு வகையில் எச்சரிக்கும். தேய்ந்த உருண்டை கொஞ்சம் கடகடக்கும், வளையத்தில் இரண்டு விரல் ஆட்டம் தெரியும், டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகும். பழைய வண்டியில் இதையெல்லாம் சகஜம் என்று விட்டுவிடுவது எளிது. முன்பக்கத்தை ஜெக் வைத்துத் தூக்கி, கட்டைகளில் உறுதியாக நிறுத்தி, சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மூட்டில் கை வைத்திருக்கும் இன்னொருவருக்கு உருண்டை கிண்ணத்துக்குள் தட்டுவது விரலில் தெரிந்தால் அதை மாற்றியே ஆகவேண்டும்.

இப்போது புதியது வாங்குவது சிரமமில்லை. பழையதைக் கழற்றுவதில்தான் பாதி நாள் போகும். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது; தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். நடுவில் 2022இன் டொலர் பஞ்சம். அந்த ஐந்து வருடமும் மலைநாட்டில் ஓடியவை ஏற்கெனவே இருந்த வண்டிகள்தான்: துரை பங்களாவின் பழைய லேண்ட் ரோவர், எஞ்சினின் பெயராலேயே அழைக்கப்படும் மிட்சுபிஷி ‘4டிஆர்5’ ஜீப், டொல்பின் வேன், டிமோ பட்டா, பஜாஜ் முச்சக்கரவண்டி, இசுசு எல்ஃப் லொறி. கராஜுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் வாசலில் சாக்கு விரித்துத் தாங்களே படுத்துக் கழற்றினார்கள். ஒரு மூட்டைக் கழற்றும்போது பக்கத்திலுள்ள இன்னொன்றை உடைத்துவிட்டால் அந்தச் சாமான் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாத காலம் அது. உடைக்காமல் கழற்றுவது ஒரு கலை என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. என் கட்சி, அது கலை அல்ல, கணக்கு. அந்த மூட்டு கழன்று வரக்கூடாது என்று கணக்குப் போட்டே செய்யப்பட்டது. அதே கணக்குதான் அதைக் கழற்றும் வழியையும் சொல்கிறது.

உருண்டையிலிருந்து நீளும் முளை நேர் உருளை அல்ல. நுனியை நோக்கி மெல்ல ஒடுங்கும் கூம்பு. பட்டறை மொழியில் டேப்பர். சில்லைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மின் கண்ணும், அதாவது இந்த முளை நுழையும் துளையும், அதே சரிவில் குடையப்பட்டிருக்கும். பல வண்டிகளில் இந்தச் சரிவு பத்துக்கு ஒன்று: பத்து மில்லிமீட்டர் உள்ளே போனால் விட்டம் ஒரு மில்லிமீட்டர் குறையும். நடு அச்சிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் மூன்று பாகைக்கும் சற்றுக் குறைவான சாய்வு. நட்டை முறுக்கும்போது கூம்பு கண்ணுக்குள் ஆப்பாக இறங்குகிறது.

இந்த ஆப்பின் பிடி எவ்வளவு என்று ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 12 மி.மீ. புரியுள்ள நட்டை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்பானரால் ஒரு கையால் முறுக்கக்கூடிய அளவுதான். அது முளையை ஏறக்குறைய 1.7 டன் பாரத்துக்குச் சமமாக உள்ளே இழுக்கிறது. இரும்புக்கும் இரும்புக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தை 0.15 என்று எடுத்தால், கூம்பின் பரப்பும் கண்ணின் சுவரும் ஒன்றையொன்று அழுத்தும் விசை முழுவதுமாகச் சேர்த்து எட்டரை டன். சாய்வு குறையக் குறைய இந்தப் பெருக்கம் கூடும். இப்போது நட்டைக் கழற்றிவிட்டாலும் அந்த எட்டரை டன் அங்கேயே நிற்கும். காரணம், மூன்று பாகைச் சாய்வு கூம்பை வெளியே தள்ளப் பார்க்கிறது. உராய்வோ எட்டரைப் பாகைச் சாய்வு வரை எதையும் வழுக்க விடாது. வெளியே தள்ளும் விசை தோற்றுப்போகிறது. நட்டு இல்லாமலேயே மூட்டு நிற்கும். வடிவமைத்தவர் விரும்பியதும் அதுதான்: நட்டு தளர்ந்தாலும் சில்லு உடனே தன் போக்கில் போய்விடக்கூடாது.

தேயிலை பக்டரியில் ஃபிட்டராக வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பிடி புதிதல்ல. எரிபொருள் எஞ்சினாலோ நீர்ச் சுழலியாலோ சுற்றிய நீண்ட தண்டுகளில் கப்பிகளை நிறுத்தி வைத்தது இதே தத்துவத்தில் செய்த ஒரு சாவிதான், நூற்றுக்கு ஒன்று என்ற இன்னும் மெல்லிய சரிவில். கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பனி வார்த்தனுப்பிய ஜாக்சன் ரோலரும், பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் செய்த சிரோக்கோ உலர்த்தியும் இங்கே ஓடிய காலத்தில் அந்தச் சாவியைப் பின்புறத்திலிருந்து ஆப்படித்துக் கழற்றத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு இருந்திருக்க வேண்டும். துளையிடும் இயந்திரத்தில் துளைக்கோலைப் பிடிக்கும் மோர்ஸ் டேப்பரும் இதே குடும்பம். அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1860களில் கொண்டுவந்தது. அதைக் கழற்றவும் இழுப்பதில்லை. குறுக்கே உள்ள துளையில் ஓர் ஆப்பைச் செருகி ஒரு தட்டு.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். துருப் பிடிக்காத சுத்தமான மூட்டை நேராக இழுத்துக் கழற்ற 850 கிலோ விசை போதும். நாளாகித் துரு ஏறி உராய்வு இரட்டிப்பானால் அதுவே இரண்டு டன்னைத் தாண்டிவிடும். ஆனால் இத்தனை டன்னையும் தாங்கி நிற்பது எது? கண் விரிந்திருக்கும் அளவு. அந்த விரிவு விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு, தலைமயிர்த் தடிப்பில் கால்வாசி. பத்துக்கு ஒன்று என்ற சரிவில், கூம்பு வெளியே 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், எட்டரை டன்னும் பூச்சியமாகிவிடும். அதனால்தான் இந்த மூட்டு மெல்ல மெல்லக் கழன்று வருவதே இல்லை. கடைசிக் கணம் வரை கல்லாக நிற்கும், பிறகு ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் விழும்.

துருவுக்கு வருவோம். மலைநாட்டுக் கணக்கில் பெரும்பகுதி அதுதான்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். மழையே தேவையில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாதது. 1920களிலும் 30களிலும் வெர்னன் என்ற பிரித்தானிய வேதியியலாளர் செய்த சோதனைகள், காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்தை ஒட்டிய ஓர் எல்லையைத் தாண்டியதும் துரு திடீரென்று வேகம் பிடிப்பதைக் காட்டின. நுவரெலியாவில் மூடுபனி இறங்கும் மாதங்களில் ஈரப்பதன் அந்த எல்லைக்கு மேலேயேதான் நாள் முழுக்க நிற்கிறது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மி.மீட்டருக்கு மேல் மழை. நுவரெலியா போல் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டிய ஊரில் நனைந்தது காயவும் நேரமெடுக்கும். துருவுக்கு முக்கியம் எவ்வளவு நனைந்தது என்பதைவிட எவ்வளவு நேரம் நனைந்தே இருந்தது என்பது.

உப்பு கடலோர ஊர்களின் தொல்லை, மலைக்கு மேலே அது இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தோட்டத்து உர லொறியின் அடியில் படுத்துப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். முதிர்ந்த தேயிலைக்குப் போடும் உரக்கலவையில் யூரியாவும் பொஸ்பேற்றும் போக, பொட்டாசியத்துக்காக எம்.ஓ.பி. சேர்க்கிறார்கள். எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் குளோரைட். அதன் எடையில் ஏறக்குறைய பாதி குளோரின். சாப்பாட்டு உப்பிலும் கடல் காற்றிலும் இருக்கும் அதே குளோரைட்டுதான், இரும்பின் மேலுள்ள காப்புப் படலத்தைத் துளைப்பது. தனி எம்.ஓ.பி. 84 சதவீத ஈரப்பதனைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையும். அதோடு யூரியா கலந்துவிட்டால் அந்த எல்லை 60 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். ஆக, சாக்குக் கிழிசலிலிருந்து சிந்தி ஸ்டியரிங் மூட்டில் ஒட்டிய ஒரு பிடி உரத்தூள் மழையில்லாத நாளிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து அங்கே ஒரு சொட்டு உப்புநீரை வைத்துக்கொண்டிருக்கும். மண்ணும் துணை செய்கிறது. தேயிலைக்கு உகந்த மண் அமிலத்தன்மை கொண்டது, பி.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில். 2021இல் சில மாதங்கள் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது தேயிலைச் செடி வாடியது ஊரறிந்தது. லொறியின் போல்ட்டுகளுக்கு அது நல்ல காலமாக இருந்திருக்கும். அதை யாரும் எழுதவில்லை.

துரு இரும்பைத் தின்பதோடு நிற்பதில்லை. தின்ற இடத்தைவிடப் பெரிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். நீரேறிய துருவின் பருமன், அது உருவான இரும்பின் பருமனைப்போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை போகும். திறந்த பரப்பில் அது செதிலாக உதிர்ந்துவிடும். புரிகளுக்கு இடையிலோ கூம்புக்கும் கண்ணுக்கும் நடுவிலோ உதிர இடமில்லை. அங்கேயே நெருக்கி அழுத்தும். நட்டு ‘ஜாம்’ ஆவது இப்படித்தான். யாரும் முறுக்காமலேயே உள்ளிருந்து அது முறுக்கப்படுகிறது.

இனிக் கழற்றும் வேலை. நட்டில் ஸ்பானரை வைக்கும் முன், அது வலப்புரியா இடப்புரியா என்று பாருங்கள். சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்ய வசதியாக, நடுக்குழாய் வைத்த டை ரொட்டின் ஒரு முனை வலப்புரியாகவும் மறுமுனை இடப்புரியாகவும் இருக்கும். பழைய பிரித்தானிய, ஜப்பானிய லொறிகளில் இடப்பக்கச் சில்லு நட்டுகளும் இடப்புரிதான். துருவைத் திட்டிக்கொண்டு நாலு பேர் தொங்கி இறுக்கிய நட்டு, எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்றிருக்கும்.

பிறகு நெம்புகோல். ஒரு மீட்டர் குழாயை ஸ்பானரில் செருகி 50 கிலோ பாரத்தோடு அழுத்துகிறவர் 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கிறார். 12 மி.மீ. போல்ட்டு ஒன்றை வழக்கமாக முறுக்கும் அளவு 80ஐ ஒட்டியது. குழாய் நட்டைக் கழற்றாது. போல்ட்டைத் துண்டிக்கும், அல்லது நட்டின் ஆறு மூலையையும் சீவி உருண்டையாக்கும். நிதானமான அழுத்தத்தைவிடக் கூர்மையான தட்டுதான் துருவுக்குப் பகை. கம்பித் தூரிகையால் புரியைச் சுத்தம் செய்து, ஆறுமுகச் சொக்கட்டைப் பொருத்தி, முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் அசைத்துப் பாருங்கள். துரு ஓடு எந்தப் பக்கம் திருப்பினாலும் உடையும். ஒருமுறை உடைந்துவிட்டால் முன்னும் பின்னுமாக அசைத்து வெளியே கொண்டுவரலாம்.

எண்ணெய் போடுவதில் அவசரம் உதவாது. புரியின் இடைவெளி சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர். அதற்குள் எண்ணெயை இழுப்பது மயிர்த்துளைக் கவர்ச்சி. இடுக்கு குறுகலாக இருக்க இருக்க அந்த இழுப்பு கூடும், ஆனால் ஓட்டம் மெதுவாகும். எஞ்சின் எண்ணெய் போன்ற தடித்த எண்ணெய் வாசலிலேயே நின்றுவிடும். மண்ணெண்ணெயும் டீசலும் உள்ளே போகும், ஆனால் போன இடத்தில் வழுக்கலாக நிற்கும் சக்தி அவற்றுக்குக் குறைவு. இதனால்தான் பல கராஜ் பாஸ்மார் மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயைக் கலக்கிறார்கள். நல்ல யோசனைதான். டின்னில் வரும் டபிள்யூ.டி.-40ஐ எல்லாத் துருவுக்கும் மருந்து என்று நம்புகிறவர்கள் உண்டு. 1953இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் அதைச் செய்தது ஏவுகணைத் தகட்டிலிருந்து நீரை விலக்க. பெயரிலுள்ள இரண்டு எழுத்தும் நீர் விலக்குவதைத்தான் குறிக்கின்றன, 40 என்பது நாற்பதாவது முயற்சியை. துருப் பிடிக்காமல் காக்கும் வேலையில் அது கெட்டி. பிடித்துவிட்ட துருவை இளக்குவதில் அதற்கென்றே செய்த ஊடுருவும் எண்ணெய்கள் மேல். எதுவானாலும் முதல்நாள் மாலையே போட்டு, நடுநடுவே தட்டிக்கொடுத்து, மறுநாள் கையை வையுங்கள். ஆனால் ஒன்று: கூம்பு மூட்டுக்கு இந்த எண்ணெய் அவ்வளவாக உதவாது. எட்டரை டன் நெருக்கத்தில் எண்ணெய் நுழைய இடுக்கே கிடையாது. எண்ணெய் நட்டுக்கு, அதிர்ச்சி கூம்புக்கு.

இனி அந்த அதிர்ச்சி. கூம்பின் வழியில் முளையின் நுனியைக் கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ சுத்தியலால் அடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதில் நடப்பது இதுதான்: புரி நசுங்கும், முளையின் நுனி காளான் குடையாக விரியும், அப்புறம் அது கண் வழியாக வரவே வராது. அடிக்க வேண்டியது முளையை அல்ல, கண்ணை. ஸ்டியரிங் ஆர்மின் கண் இருக்கிற உருண்ட பகுதியின் பக்கச் சுவரில், கூம்புக்குக் குறுக்காக, ஒரு கனத்த சுத்தியலால் அறையுங்கள். 900 கிராம் சுத்தியல் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து ஒரு விநாடியின் 2,000இல் ஒரு பங்கு நேரத்தில் நின்றால் அந்தக் கணத்தில் 900 கிலோ பாரத்துக்குச் சமமான விசை பிறக்கிறது. வட்டமான கண் ஒரு கணத்துக்கு நீள்வட்டமாக நெளிகிறது. நாம் பார்த்தபடி பிடியைத் தாங்குவது ஐம்பதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விரிவுதான். அந்த நெளிவில் கண்ணின் இரு பக்கங்களில் பிடி தளர்கிறது. அதே கணத்தில் முளையை வெளியே இழுக்கும் விசை ஒன்றும் இருந்தால் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கதை முடிந்தது.

இழுக்கும் விசைக்குத்தான் புல்லர். இரண்டு கால் கண்ணைப் பிடித்திருக்க, நடுத்திருகு முளையின் நுனியைத் தள்ளும். நல்லபடியாக இறுக்கியபின் அதையே மேலும் மேலும் முறுக்கிக்கொண்டிருந்தால் திருகு வளையும், அல்லது கால் சறுக்கி முகத்துக்கு வரும். இறுக்கி நிறுத்திவிட்டு கண்ணின் பக்கத்தில் ஒரு அறை. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை. புல்லர் இல்லாதவர்கள் கண்ணின் எதிர்ப்பக்கம் ஒரு கனத்த இரும்பை அண்டக்கொடுத்து இந்தப் பக்கம் அடிக்கிறார்கள். அண்டக்கொடுத்த இரும்பு இல்லாவிட்டால் ஆர்ம் முழுவதும் ஆடி அடியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்; இருந்தால் அடி முழுக்கக் கண்ணை நெளிக்கவே செலவாகும். அண்டக்கொடுப்பது இன்னொரு சுத்தியலாக இருந்தால் இரண்டு சுத்தியல் முகமும் நேருக்கு நேர் மோத விடாதீர்கள். பதமேற்றிய எஃகு சில்லு சில்லாகத் தெறிக்கும், உங்கள் கண்ணுக்குள் போனால் பார்வை போய்விடும்.

கவட்டையாகப் பிளந்த ஆப்பு ஒன்றும் கடைகளில் விற்கிறார்கள். கிண்ணத்துக்கும் ஆர்முக்கும் நடுவே அடித்து ஏற்றினால் கட்டாயம் கழற்றித்தரும். ரப்பர் தொப்பியையும் கட்டாயம் கிழித்துத்தரும். பழைய மூட்டைக் குப்பையில் போடப்போகிறீர்கள் என்றால் சரி. பிரேக் வேலைக்காகவோ ஷாஃப்ட் வேலைக்காகவோ கழற்றி அதையே திரும்பப் பொருத்தப் போகிறீர்கள் என்றால் அந்தக் கவட்டையை எடுக்கவே எடுக்காதீர்கள். தொப்பி கிழிந்த உருண்டை மலைநாட்டுச் சேற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது.

கராஜ்களில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் வசனம், “தம்பி, நட்ட முழுசாக் கழட்டிறாத, ரெண்டு புரியில நிக்கட்டும்.” அதற்கு இரண்டு காரணம். மூட்டு ‘டக்’ என்று விடும்போது ஆர்ம் தெறித்து விழாது. முளையின் புரியும் அடியில் நசுங்காது. சில நேரம் நட்டைச் சுற்றும்போது முளையும் கூடவே சுற்றும்; கூம்பின் பிடி போய்விட்டது என்று அர்த்தம். அப்போது மூட்டுக்குக் கீழே ஜெக்கை வைத்துக் கூம்பை மறுபடி கண்ணுக்குள் அழுத்தினால் பிடி திரும்பும், நட்டு கழலும்.

நெருப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எஃகு ஒரு பாகை சூடேறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 12 மி.மீ. நட்டை மட்டும் 300 பாகை சூடாக்கினால் துளை 0.04 மில்லிமீட்டர் பெரிதாகும். உள்ளே இருக்கும் போல்ட்டு குளிராகவே இருந்தால் துரு ஓடு நொறுங்கும். சூட்டோடு ஒரு மெழுகுவர்த்தியைப் புரியில் தொட்டால் உருகிய மெழுகு உள்ளே உறிஞ்சப்படும். இது பழைய ஃபிட்டர்களின் தந்திரம், நன்றாகவே வேலை செய்யும். சைலன்சர் போல்ட்டுக்கு, ஸ்பிரிங் பட்டை போல்ட்டுக்கு இதைச் செய்யலாம். ஸ்டியரிங் ஆர்மிலும் அதன் கண்ணிலும் செய்யக்கூடாது. அந்தப் பகுதி அடித்து உருவாக்கி, பதமேற்றி, அளவாகப் பதமிறக்கிய எஃகு. சிவக்கக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். ஆறியபின் பார்வைக்கு முன்பு இருந்தபடியே இருக்கும். பிறகு ஏதோ ஒரு வளைவில்தான் தெரியவரும். கிரீஸ், ரப்பர், பிரேக் எண்ணெய்க் குழாய், எரிபொருள் தாங்கி எல்லாம் பக்கத்திலேயே இருப்பது இன்னொரு காரணம். குளோரின் கலந்த பிரேக் துப்புரவு ஸ்பிரே அடித்த இடத்தில் நெருப்பு வைத்தால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு பிறக்கும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற வாயு. நட்டு வரவே வராவிட்டால் அரத்தாலோ வெட்டு வட்டாலோ அதைப் பிளந்துவிடுங்கள். நட்டு போனால் நட்டுதான் போகும்.

சில இறுக்கங்கள் இந்தக் கணக்குக்கும் மசியாது. லேண்ட் ரோவர் 1948இல் வந்தபோதே அதன் முன் குறுக்குச் சட்டத்துக்குள் செங்குத்தாக ஓர் ‘ரிலே’யைச் செருகியிருந்தார்கள். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் அசைவை வாங்கிச் சில்லுகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. உருளை வடிவ வீடு ஒன்று சட்டத்தின் குழாய்க்குள் நீளமாக உட்கார்ந்திருக்கும். சுற்றிவர இருக்கும் இடுக்கு முழுவதும் மழைநீரும் சேறும் போய்ச் சேரும் இடம். பல வருடத் துரு அந்த இடுக்கை நிரப்பியபின் அது சட்டத்தோடு ஒரே துண்டாகிவிடும். கூம்பு மூட்டு 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால் விட்டுவிடும்; இது நேர் உருளை, முழு நீளமும் வெளியே வரும்வரை ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் சண்டை பிடிக்கும். அடியில் ஜெக் வைத்து மேலே தள்ளினால் ரிலே நகராது, வண்டியின் முன்பக்கம்தான் எழும்பும். ஜெக்குக்கு எத்தனை டன் தள்ளும் சக்தி இருந்தாலும் எதிரே நிற்பது வண்டியின் முன்பாரம் மட்டுமே. அதைத் தாண்டிய விசை இந்த வழியில் கிடைக்காது. ஊறவைத்து, ஆர்ம்களைக் கழற்றி, ஜெக்கின் அழுத்தத்தில் நிறுத்தி, சட்டத்தைத் தட்டி, ஆர்மை மாட்டி இடமும் வலமும் திருகி, மறுபடி ஊறவைத்து என்று நாட்கணக்கில் போகும் வேலை இது. வீட்டில் செய்யக்கூடாத வேலை என்றே சொல்வேன். இறுக்கத்தைவிட ஆபத்து உள்ளே இருக்கிறது: ரிலேக்குள் நெருக்கி அடைத்த பலமான ஸ்பிரிங். வெளியே எடுத்த ரிலேயைக் கவனமில்லாமல் பிரித்தால் அது துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். அந்தக் காலத்துப் பாஸ்மார் அதை ஒரு சாக்குக்குள் போட்டுப் பிரித்தது பயத்தால் அல்ல.

பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூலோம், பிற்காலத்தில் மின்னியலில் பெயர் பெற்றவர், 1781இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசை வாங்கியது உராய்வு பற்றிய கட்டுரைக்காக. இரண்டு பரப்புகள் எவ்வளவு நேரம் சேர்ந்து கிடக்கின்றனவோ அவ்வளவுக்கு அவற்றைக் கிளப்பத் தேவையான விசை கூடும் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. மரத்தை வைத்து அவர் அளந்ததைத் துரு பிடித்த இரும்பு இன்னும் உரக்கச் சொல்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, தென்மேல் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்பு, வெளியே தெரியும் புரிகளைத் தூரிகையால் துடைத்து ஒரு விரல் கிரீஸ் பூசிவைத்தால் அடுத்தமுறை குழாயும் வேண்டாம், நாலு பேரும் வேண்டாம். கிரீஸ் காற்றையும் நீரையும் வெளியே நிறுத்துகிறது, அவ்வளவுதான் அதன் இரகசியம். உர லொறியானால் சிந்திய உரத்தை அன்றன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

பொருத்தும்போது அந்தக் கிரீஸைக் கூம்பில் மட்டும் பூசாதீர்கள். உராய்வு 0.15இலிருந்து 0.1க்கு இறங்கினால், அதே அளவு முறுக்கில் எட்டரை டன் பதினொரு டன்னாகிவிடும். கண் தாங்க வேண்டியதற்கு மேல் விரியும். கூம்பும் கண்ணும் துடைத்த துணியில் கறை படியாத அளவுக்குச் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கட்டும். பழைய டை ரொட் எண்டை எத்தனை சுற்றில் கழற்றினீர்களோ அத்தனை சுற்றிலேயே புதியதை ஏற்றுங்கள். சில்லின் கோணம் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வரும். பிறகு அலைன்மென்ட் பார்ப்பது அவசியம், ஏறக்குறைய என்பது மலை இறக்கத்துக்குப் போதாது. நட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் அடுத்த துளை வரும்வரை இன்னும் இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள். கழற்றிய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடவேண்டாம். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த கம்பி அடுத்த வளைவில் ஒடியத் தயாராக இருக்கும். புதியதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.